இடது கைத் தீரவர்மன்

எத்தாளை நூர்தீன் மாமா, என் உம்மா இனிப்பாகக் கொண்டுபோன வட்டிலப்பத்தை வழித்துத் துடைத்துச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் பெண் தரமாட்டேன் என்று சொன்னார். அந்தக் கோபம் எனக்கு வெகுநாள் ஆறவில்லை. மறுக்கிற மனிதன் முதல் கரண்டியிலேயே மறுத்திருக்க வேண்டும். கடைசிக் கரண்டியையும் நக்கிவிட்டு, விரலைக் கழுவி, துவாயில் துடைத்துக்கொண்டு மறுப்பது என்ன நியாயம்?

"பொடியன் நல்லவன், இல்லண்டு செல்லல்ல. தொழிலும் ஈக்கி. ஆனா இடது கைக்காரன். அந்தக் கையில பரக்கத் இல்ல பளீலா ராத்தா," என்றாராம் உம்மாவிடம். இறையருள் தங்காத கையாம்.

உம்மா வெறும் கிண்ணத்தோடு எங்கள் ஊரான கண்டக்குழிக்குத் திரும்பி வந்தார். வந்தவர் அழவில்லை, என்னைத் திட்டினார். "சின்னதிலயே அந்தக் கைக்கு ரெண்டு போட்டிருக்கணும்," என்றார்.

நான் சோறு தின்பது வலது கையால். ஸலாம் கொடுப்பது வலது கையால். சாப்பாட்டுக்கும் குடிப்புக்கும் வலது கை போதும், உழைக்கிற கை எதுவென்றாலும் குற்றமில்லை என்று எங்கள் பள்ளிவாசல் மௌலவியே சொல்லியிருக்கிறார். ஆனால் கத்தி, துடுப்பு, வலை, பேனை எல்லாம் எனக்கு இடது கைதான். படகில் என் பக்கத்தில் நின்று வலை இழுக்கும் ரிஃபாஸ், பத்து வருடமாக என் முழங்கையால் விலாவில் இடி வாங்குகிறான். கரையில் ஒரு மீன் தப்பினாலும் என் கைதான் காரணம். பின்னேரங்களில் கிரிக்கெட் விளையாடும்போது மட்டும் நான் ஊரின் செல்லப்பிள்ளை. இடது கைப் பந்து யாருக்கும் பிடிபடாது. பந்தைக் கீழே வைத்ததும் பழையபடி இடக்கையன்.

இவ்வளவுக்கும் நான் எத்தாளையில் பெண் கேட்டதற்குக் காரணமே இந்தக் கைதான்.

நூர்தீன் மாமாவின் மகள் ஷஸ்னா கற்பிட்டி டவுனில் ஒரு கொமியுனிகேஷன் கடையில் வேலை செய்தாள். போட்டோகொப்பி, போனுக்குப் பாட்டு ஏற்றுவது, கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டுவது எல்லாம் அவள் கைவேலை. படகு அனுமதிப் பத்திரம் புதுப்பிக்க ஒரு படிவம் நிரப்ப அங்கே போனேன். இடது கையால் எழுதுகிறவனுக்கு ஒரு தொல்லை உண்டு. எழுத எழுதக் கை அந்த எழுத்தின் மேலேயே நகரும். மை பூசிப் படிவம் நாசமாகும். அன்றைக்கும் அப்படித்தான் ஆனது. அவள் படிவத்தை வாங்கிப் பார்த்தாள், கிழித்துப் போட்டாள், புதிதாக ஒன்றும் வேறொரு பேனையும் தந்தாள்.

"இந்தப் பேனை உடனே காயும். கை பட்டாலும் பூசாது," என்றாள்.

எனக்கு அப்போது முப்பது வயது. பிழை என் கையில் இல்லை, பேனையில்தான் என்று அத்தனை வருடத்தில் ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. அந்தப் பேனையை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எனக்கு அடிக்கடி போட்டோகொப்பி தேவைப்பட்டது. ஒரே அடையாள அட்டையை எட்டுத் தடவை கொப்பி எடுத்த ஆள் கற்பிட்டியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஒன்பதாவது தடவை அவள் சிரித்துவிட்டு, "உம்மாவ வீட்ட அனுப்புங்க," என்றாள். உம்மா போனார். வட்டிலப்பம் போனது. மற்றது உங்களுக்குத் தெரியும்.

நூர்தீன் மாமாவைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டு ஏக்கர் வெங்காயம், ஒரு லேன்மாஸ்டர் உழவு இயந்திரம், ஊரைக் கூட்டுகிற குரல். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். பேப்பரை வரி விடாமல் வாசிப்பார். ஆனால் கையெழுத்துப் போடமாட்டார். எங்கே போனாலும் பெருவிரல்தான் வைப்பார். கேட்டால், "எனக்கு எழுத்து வடிவா வராது," என்பார். உரமானியப் படிவத்தையெல்லாம் மகள் நிரப்பித் தர, இவர் மையில் விரலை அமுக்கி வைப்பார். அதுவும் இடது பெருவிரல். பரக்கத் இல்லாத கை அதற்கு மட்டும் ஆகும் என்று நான் வயிற்றெரிச்சலில் ரிஃபாஸிடம் சொல்லிச் சிரித்ததுண்டு.

அப்படியிருக்கும்போதுதான் 'ஆழிமகுடம்' எங்கள் பக்கத்துக்கு வந்தது.

இந்தியாவில் எடுத்த பெரிய ராசா படம். இரண்டு பாகம். முதலாம் பாகம் புத்தளம் தியேட்டருக்கு வந்தபோது எங்களுக்குத் தொழில் சீசன். மீன் படுகிற நேரத்தில் யார் கடலை விட்டுவிட்டுப் படம் பார்க்கப் போவார்கள்? சீசன் ஓய்ந்த பிறகு அது பென்டிரைவில் வந்தது. ஷஸ்னாதான் கடையிலிருந்து வாப்பாவுக்குக் கொண்டுவந்தாள். அந்த வருடம் வெங்காயம் நல்ல விலை போனதில் நூர்தீன் மாமா ஒரு டீவி வாங்கியிருந்தார், கதவுப் பலகை அளவுக்கு. அதை முன்வாசலுக்கு இழுத்து வைத்து, முற்றத்தில் பாயும் கதிரையும் போட்டு, வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் படம் என்று சொல்லி அனுப்பினார். வெள்ளிக்கிழமை நாங்கள் கடலுக்குப் போவதில்லை. கண்டக்குழியிலிருந்து பாதிச் சனம் எத்தாளைக்குப் போனது. நானும் போனேன். பெண் தராதவர் வீட்டுக்குப் படம் பார்க்கப் போவதா என்று உம்மா கேட்டார். கேட்டுக்கொண்டே அவரும் சீலை மாற்றினார்.

கதை இதுதான். தீரவர்மன் என்று ஒரு இளவரசன். சித்தப்பன் அவனைக் குழந்தையிலேயே பெட்டியில் வைத்துக் கடலில் விடுகிறான். உப்பு விளைக்கிற சனங்கள் எடுத்து வளர்க்கிறார்கள். அவன் வளர்ந்து, உப்பு மூட்டை சுமந்து, தான் யாரென்று தெரியாமல் ஒருநாள் அரண்மனை வாசலில் அவமானப்படுகிறான். அப்போது அவனை அடையாளம் கண்டு, கார்முகில் என்ற பட்டத்து யானை மண்டியிடுகிறது. அந்த இடத்தில் முற்றம் முழுக்க மூக்கை உறிஞ்சும் சத்தம். வேறு பாஷைப் படத்துக்குத் தமிழ்க்குரல் கொடுத்திருந்தார்கள். பேச்சு முடிந்த பிறகும் வாய் அசைந்துகொண்டே இருந்தது. அதையெல்லாம் யார் கவனித்தார்கள்? யானை எழுந்தது. தீரவர்மன் நிமிர்ந்தான். "அலையே, எழு!" என்று முழங்கினான். இடுப்பிலிருந்து வாளை உருவினான்.

இடது கையால்.

 ரிஃபாஸ் திரும்பி என்னைப் பார்த்தான். அவனைப் பார்த்து மற்றவர்களும் பார்த்தார்கள்.  படத்தில் அவன் இடது கையால் வெட்டினான், இடது கையால் ஈட்டி எறிந்தான், இடது கையால் யானையின் தந்தத்தைப் பிடித்து ஏறினான். நூர்தீன் மாமா டீவிக்கு முன்னால் எழுந்து நின்றுவிட்டார். "இரிங்க நானா, மறைக்கிது!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். அவருக்குக் கேட்கவில்லை. அவருடைய இடது கை தோளுக்கு மேலே உயர்ந்து, விரல்கள் இறுகி மூடியிருந்தன. கிழவர் தீரவர்மனாகிவிட்டார் என்று நாங்கள் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் பக்கம் ஒரு மாதிரியாகிவிட்டது. வெள்ளிக்கிழமைதோறும் அதே படம், அதே முற்றம். மூன்றாவது வாரம் மதிலிலும் ஆட்கள் ஏறியிருந்தார்கள். நூர்தீன் மாமா தன் லேன்மாஸ்டருக்குக் கார்முகில் என்று பெயிண்டால் எழுதுவித்தார். கரையில் மீன் வாங்க வருகிற வியாபாரியிடம் ரிஃபாஸ், "உமது சிரம் எமது காலடியில்," என்று சொல்லிவிட்டுத்தான் விலை பேசினான். படகைத் தண்ணீருக்குள் தள்ளும்போது முன்பு ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணுவோம். இப்போது ஒருவன் "அலையே" என்பான், மற்றவர்கள் "எழு" என்று கத்தித் தள்ளுவோம். படகு லேசாகத்தான் போனது, பொய் சொல்லமாட்டேன். படத்து ராணிமார் முந்தானையை வலது தோளில் போட்டிருந்தார்கள். அந்த நாட்டு வழக்கம் அப்படியாக்கும் என்று எங்கள் பெண்கள் முடிவுகட்டினார்கள். ஒரு கல்யாண வீட்டில் ஐந்தாறு பேர் வலது தோளில் முந்தானை போட்டு வந்திருந்தார்கள். அதில் ஒருவர் என் உம்மா.

என் கதையைக் கேட்டால் இன்னும் விசேஷம். கடலில் நான் வலையை இழுத்தால் "தீரவர்மன் இழுக்கிறான்" என்றார்கள். சின்னப் பிள்ளைகள் என் பின்னால் இடது கையில் தடியோடு ஓடினார்கள். முப்பது வருடமாக உம்மா மறைத்துக்கொண்டிருந்த என் கையை இப்போது அவரே வந்தவர்களுக்குக் காட்டினார். "பொறந்ததிலருந்தே இப்பிடித்தான், மாஷா அல்லாஹ்," என்றார். இரண்டு போட்டிருக்கவேண்டும் என்று சொன்ன அதே வாய்.

ரிஃபாஸ் மட்டும் ஒருநாள் குறுக்கே விழுந்தான். கட்டாரில் இருக்கும் அவனுடைய கூடப்பிறந்த நானா படத்தைத் தியேட்டரிலேயே பார்த்தாராம். தீரவர்மன் வலது கைக்காரன் என்று போனில் சொன்னாராம்.

"கட்டாருக்கு அனுப்புற படம் வேற!" என்று நூர்தீன் மாமா அவனைத் துரத்திவிட்டார். சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தில் தீரவர்மன் வாளை இரண்டு கைகளாலும் தலைக்கு மேலே பிடித்திருந்தான். இரண்டாம் பாகத்தின் டிரெய்லரில் அவனை நெருப்புக்கு நடுவே கைகளைப் பின்னால் கட்டிப் போட்டிருந்தார்கள். ஆகவே வழக்கைத் தீர்க்க வழியில்லை.

ஐந்தாவது வெள்ளிக்கிழமை படம் முடிந்து சனம் கலையும்போது நூர்தீன் மாமா என்னைக் கூப்பிட்டார். வீட்டுக்குப் பின்னால் வெங்காயக் கொட்டில். ஒரு கத்தியையும் தாளோடு இருந்த ஒரு பிடி வெங்காயத்தையும் என் முன்னால் போட்டார்.

"அந்தக் கையால வெட்டுங்க தம்பி, பாப்பம்."

நான் வெட்டினேன். கோபத்தில் வேகமாகவே வெட்டினேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். இவ்வளவு நேரம் ஒருவர் என் கையைப் பார்த்தால் வழக்கமாக எனக்குப் பத்திக்கொண்டு வரும். அன்றைக்கு வரவில்லை. அவர் பார்த்தது பிழை பிடிக்கிற பார்வை இல்லை.

"வலிக்காதா?" என்றார்.

"ஏன் மாமா வலிக்கணும்? இதான என்ட கை."

 மறுநாள் உம்மாவுக்கு ஆள் வந்தது: வந்து கதைக்கட்டாம்.

கதைத்தார்கள். சம்மதம் என்றார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். இரண்டாம் பாகம் அடுத்த மாதம் புத்தளத்துக்கு வருகிறது. அவர் பஸ் பிடித்து இரண்டு வீட்டாரையும் ஊராரையும் கூட்டிப்போவார். படம் பார்த்துத் திரும்பியதும் நிக்காஹ்வுக்கு நாள் வைப்பார். தீரவர்மன் முடிசூட முன்னம் நான் மாப்பிள்ளையாகக் கூடாது என்பது அவர் எண்ணம் போலும். எனக்கு ஒரு மாதம் தூக்கமில்லை. பள்ளியில் ஸுஜூதில் நெற்றியை வைத்தபோது கூடத் தீரவர்மன் சாகக் கூடாதென்றுதான் கேட்டேன், அல்லாஹ் மன்னிக்கட்டும்.

படம் வந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பஸ் புறப்பட்டது. முன்சீட்டில் நூர்தீன் மாமா, வெள்ளைச் சேட்டில். பக்கத்தில் மாமி கைருன்னிஸா, மடியில் இடியப்பப் பொதி. ஷஸ்னா ஜன்னலோரம். நான் கடைசிச் சீட்டில், பெரிய மாப்பிள்ளை மரியாதையோடு, என் முழங்கை ரிஃபாஸின் விலாவுக்கு எட்டாத தூரத்தில். நுரைச்சோலை தாண்டும்வரை "அலையே, எழு!" என்று பஸ் அதிர்ந்தது. ஷஸ்னா மட்டும் அமைதியாக இருந்தாள். இரண்டு தடவை திரும்பி என்னைப் பார்த்தாள். வெட்கம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். அவள் முகம் வெளிறியிருந்ததைக் கவனிக்காத மடையன் நான்.

புத்தளத்தில் அஸர் தொழுதுவிட்டு நாலு மணிக் காட்சிக்குள் நுழைந்தோம். எங்கள் ஆட்கள் மட்டும் நாலு வரிசை. விளக்கு அணைந்தது. திரையில் கடல் வந்தது, எங்கள் கடலைவிடப் பெரிய கடல். அதன் நடுவிலிருந்து தீரவர்மன் நீர் சொட்ட எழுந்து வந்தான். தியேட்டர் கூரை பறக்கிற மாதிரி விசில். அவன் கரையில் கால் வைத்தான். கை இடுப்புக்குப் போனது. வாளை உருவினான்.

வலது கையால்.

எங்கள் நாலு வரிசையிலும் விசில் பாதியில் நின்றது. கை மாற்றிப் பிடிப்பான் என்று நான் காத்திருந்தேன். மாற்றவில்லை. வலது கையால் வெட்டினான், வலது கையால் ஈட்டி எறிந்தான். அவனுடைய ராணி வந்தாள். முந்தானை இடது தோளில் கிடந்தது.

நூர்தீன் மாமா எழுந்தார். "நிப்பாட்டுங்க! படம் மறுபக்கமாப் போகுது!"

"ஓம் ஓம், திருப்புங்க!" என்று எங்கள் வரிசைகள் எழுந்தன. "திருப்பு! திருப்பு!" புத்தளத்து ஆட்கள் "இரிங்கடா!" என்று கத்தினார்கள். சண்டை கைகலப்பாகும் போலிருந்தது. படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டார்கள். மேனேஜர் ஓடிவந்தார்.

"நானா, படத்த எப்பிடித் திருப்புற? இது என்ன தோசையா?" என்றார்.

"தீரவர்மன் இடது கைக்காரன். ஊருக்கே தெரியும். நீங்க மாத்தி ஓட்டுறீங்க!"

பின்வரிசையில் இருந்த ஒரு புத்தளத்துப் பெடியன் தன் போனை நீட்டினான். முதலாம் பாகம், யானை மண்டியிடுகிற இடம். நூர்தீன் மாமா போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். யானை மறுபக்கத்தில் நின்றது. தீரவர்மன் நிமிர்ந்து வலது கையால் வாளை உருவினான். கீழே படத்தின் பெயர் நேரான எழுத்தில் ஓடியது.

"அப்ப முந்தானையும் இந்தப் பக்கந்தானா?" என்று உம்மா மெதுவாகக் கேட்டுவிட்டு, சீலையைச் சரிசெய்துகொண்டார். தியேட்டரே சிரித்தது.

"நான் அப்பவே சென்னேனே," என்றான் ரிஃபாஸ். அவனை அந்த இடத்திலேயே தூக்கி எறிந்திருப்பேன்.

நூர்தீன் மாமா போனைத் திருப்பிக் கொடுத்தார். தன் சீட்டில் போய் உட்கார்ந்தார். படம் மறுபடி ஓடியது. திரையில் எத்தனை பேர் செத்தார்கள், எத்தனை கோட்டை இடிந்தது, எனக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு அவருடைய பின்னந்தலை மட்டும்தான் தெரிந்தது. அது ஆடவில்லை, அசையவில்லை. என் கல்யாணம் போய்விட்டது என்று நினைத்தேன். முப்பது வருடம் இடக்கையனாக இருந்தேன், இரண்டு மாதம் தீரவர்மனாக இருந்தேன், இனிமேல் பழையபடி. ராசா வலது கைக்காரன் என்றால் இடது கைக்கு என்ன பரக்கத்?

இடைவேளை விட்டார்கள். அவர் தனியாக வெளியே போய்ப் பஸ்ஸடியில் நின்றார். நான் பின்னாலேயே போனேன். அழுது கெஞ்சுவதாகத்தான் போனேன். வாயைத் திறந்ததும் கோபம் வந்துவிட்டது.

"மாமா, படத்தில அவன்ட கை எந்தப் பக்கம் எண்டாலும் என்ட கை இந்தப் பக்கந்தான். நான் அவன் இல்ல. எனக்கு யானையும் இல்ல. பொண்ணு தாறண்டா இந்தக் கைக்குத் தாங்க. இல்லண்டா இப்பவே செல்லுங்க, நான் பஸ்ஸில ஊருக்குப் போறேன்."

 அவர் பதில் சொல்ல முதல் மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு ஷஸ்னா வந்துவிட்டாள். 

"வாப்பா, அவருக்கு ஏசாதீங்க. படத்தத் திருப்பினது நான்தான்."

"என்ன?"

"கடையில வீடியோ வெட்டுற மிஷினில ஒரு பட்டன் ஈக்கி. அத அமத்தினாக் கண்ணாடியில பாக்குற மாதிரி எல்லாம் மாறி வரும். எழுத்து வாற இடமெல்லாம் வெட்டிப்போட்டு, திருப்பித்தான் உங்களுக்குக் கொண்டு வந்தேன்."

 எத்தாளையும் கண்டக்குழியும் இரண்டு மாதம் தலைகீழாக நின்றது இந்த ஒரு பெண்ணின் ஒரு விரலாலா?

"இவருக்காகவா செஞ்ச?" என்றார் அவர் என்னைக் காட்டி. நான் பஸ்ஸின் டயரைப் பார்த்தேன்.

"இவருக்காகவும்தான்," என்றாள். பிறகு தாயைப் பார்த்தாள். மாமி எதிரே இருந்த பழக்கடையைப் பார்த்தார். "உங்களுக்காகவும்தான் வாப்பா. சின்னதில உங்கட இடது கையக் கயித்தால இடுப்போட கட்டி வெச்சாங்களாம். உம்மாதான் சென்னாங்க."

நான் நிமிர்ந்தேன். நூர்தீன் மாமா தன் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார், யாரோ தந்துவிட்டுப் போன சாமானைப் பார்ப்பது மாதிரி.

"ரெண்டு வருசம்," என்றார் கடைசியில். அந்தப் பெரிய குரல் எங்கே போனதோ தெரியவில்லை. "சாப்பாட்டுக்குக் கட்டினா நியாயம். என்ட வாப்பா எழுத்துக்கும் கட்டினாரு, மம்பட்டிக்கும் கட்டினாரு. கயிறக் கழட்டக்குள்ள இந்தக் கை மறந்து போச்சு. அந்தக் கைக்கு எழுத்து வரவே இல்ல."

 அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"அண்டைக்கு அவன் வாள உருவினானே... அவ்வளவு பெரிய ராசா. இந்தக் கையால. ஒருத்தனும் அவன இடக்கையன் எண்டு செல்லல்ல. யானை குனிஞ்சிச்சு."

அவருடைய இடது கை டீவிக்கு முன்னால் தோளுக்கு மேல் உயர்ந்து நின்றது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அதைப் பார்த்துச் சிரித்ததற்கு எனக்கு வெட்கமாக இருந்தது. பெருவிரலை வைத்துக் கேலி பேசியதற்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

உள்ளே மணி அடித்தது.

"வாங்க, படம் தொடங்கப் போகுது," என்றார் அவர். அவ்வளவுதான். கல்யாணத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. உள்ளே போனோம்.

இரண்டாம் பாதியை நான் பார்த்தேன். எப்படிப் பார்க்காமல் இருப்பது? நெருப்பின் நடுவே கட்டிப்போட்ட தீரவர்மனுக்காக உப்புச் சனங்கள் ஆயிரம் படகில் வருகிறார்கள். கார்முகில் கோட்டைக் கதவை உடைத்து வருகிறது. கட்டு அறுகிறது. வலது கையோ இடது கையோ, அவன் கை மேலே எழும்பியபோது என் உடம்பு சிலிர்த்தது. எங்கள் நாலு வரிசையும் எழுந்தது. "அலையே!" என்று ஒரு குரல் முழங்கியது. நூர்தீன் மாமாவின் குரல். "எழு!" என்றோம். கொஞ்சம் முன்னால் எங்களோடு சண்டைக்கு வந்த புத்தளத்து ஆட்களும் சேர்ந்து "எழு!" என்றார்கள். மேனேஜர் கதவடியில் நின்று கும்பிடாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் முதலில் சத்தமே இல்லை. என்ன முடிவு வரும் என்று எல்லோருக்கும் பயம். உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், இடது கையைத்தான். பாலாவி தாண்டியதும் முன்சீட்டிலிருந்து கேட்டது:

"மகள்."

"என்ன வாப்பா?"

"ரெண்டாவதையும் திருப்பிப் போடேலுமா?"

ஒரு கணம் அவளுக்கு விளங்கவில்லை. பிறகு சிரித்தாள். பிறகு அழுதாள். பிறகு இரண்டையும் சேர்த்துச் செய்தாள். பஸ் முழுக்கச் சத்தம் எழும்பியதில் டிரைவர் பயந்து வேகத்தைக் குறைத்துவிட்டார்.

"ஏலும் வாப்பா. எழுத்து வாற இடத்த வெட்டணும்."

"வெட்டாத. எழுத்தும் திரும்பித்தான் நிக்கட்டும். இனி என்ன மறைக்க ஈக்கி?" என்றவர், பின்னால் திரும்பினார். "பளீலா ராத்தா, ஹஜ்ஜுப் பெருநாள் முடிஞ்சி அடுத்த வெள்ளி சரியா? வரக்குள்ள வட்டிலப்பம் கொண்டு வாங்க."

"கொண்டு வாறேன். ஆனா முதல்ல ஓமெண்டு செல்லிட்டுத்தான் தின்னணும்," என்றார் உம்மா. என் உம்மாதான், சந்தேகமில்லை.

நிக்காஹ் எத்தாளைப் பள்ளியில் நடந்தது. பெண்ணின் பொறுப்பாளரான வலியாக நூர்தீன் மாமாவும் மாப்பிள்ளையாக நானும் எதிரெதிரே உட்கார்ந்து வலது கையை வலது கையால் பிடித்துக்கொண்டோம். அதில் நாங்கள் இருவரும் ஒரு குறையும் வைக்கவில்லை. கொடுத்தேன், ஏற்றேன் என்கிற ஈஜாப் கபூல் முடிந்தது. கல்யாணம் பதிகிற கடுத்தப் புத்தகம் வந்தது. பதிவுகாரர் எத்தாளைக்காரர், நூர்தீன் மாமாவின் வழக்கம் தெரிந்தவர். பெண்ணின் வலி கையொப்பம் வைக்கிற இடத்தைக் காட்டிவிட்டு, கேட்காமலே மைப்பெட்டியைத் திறந்து அவர் முன்னால் தள்ளினார்.

நூர்தீன் மாமா மைப்பெட்டியை மூடினார்.

"பேனையத் தாங்க," என்றார்.

பதிவுகாரர் தன் பேனையை நீட்டப் போனார். எனக்குச் சட்டென்று நினைவு வந்தது. என் சேட்டுப் பொக்கெட்டிலிருந்து ஷஸ்னாவின் பேனையை எடுத்தேன்.

"இத எடுங்க மாமா. கை பட்டாலும் பூசாது."

அவர் அதை இடது கையால் வாங்கினார். பள்ளியில் இருந்த அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே ஒரு ஆள் நடந்து போகலாம் போல அவ்வளவு மெதுவாக எழுதினார். 'நூ' கோட்டுக்கு மேலே ஏறியது, 'தீ' கீழே இறங்கியது, 'ன்' புள்ளியைக் கடைசியில் அமுக்கி வைத்தார். கை எழுத்தின் மேலேயே நகர்ந்தது. மை பூசவில்லை.

எழுதி முடித்துப் புத்தகத்தைத் தூரப் பிடித்துப் பார்த்தார். "எப்பிடி ஈக்கி?" என்றார் என்னிடம்.

"வடிவா ஈக்கி மாமா," என்றேன்.

வடிவாக இல்லை. ஆனால் அது அவர் எழுத்து. ஐம்பத்தாறு வயதில் முதன்முதலாகத் தன் கையால் போட்ட கையொப்பம், என் பெயருக்குப் பக்கத்தில். பிறகு அவர் பேனையை மூடி, திருப்பித் தருவார் என்று நான் நீட்டிய கையைப் பார்க்காதவர் மாதிரி, தன்னுடைய பொக்கெட்டில் செருகிக்கொண்டார். நான் கேட்கவில்லை.